குரல் வரும்வரை

கண்ணாயி: ...கேக்காம தாண்டிப் போன காரு நீங்கதானே? இப்ப எதுக்குத் திரும்பி எறங்கி வந்தீங்க?

வந்தவர்: மலை மேல டீக்கடையில விசாரிச்சேனுங்க. சென்றாயன் ஜீப்பு கீழ வளைவுல நிக்குதுன்னாங்க.

கண்ணாயி: நிக்கறதப் பாத்துட்டேதான போனீங்க?

வந்தவர்: பாத்தேன்... ஆளு யாரும் தெரியல. அதான்...

கண்ணாயி: ஆளு தெரியலைன்னாத்தான கேக்கோணும்? சரி விடுங்க. நானு அவரு சம்சாரம். கண்ணாயி.

வந்தவர்: அவரு எங்கீங்க?

கண்ணாயி: உங்க காலடியில. ஜீப்புக்கு அடியில இருந்து ரெண்டு காலு நீட்டிட்டு இருக்குதே, அது அவருதான். மிதிச்சுறாதீங்க. ஏனுங்க... உங்களத் தேடி ஆளு வந்திருக்குது. ஏனுங்க! காது கேக்குதா?

சென்றாயன்: கேக்குது, கேக்குது... வாங்க, வணக்கமுங்க. வண்டியத் தாங்கற கமான் பட்டை உடைஞ்சுபோச்சு. மாத்துப் பட்டை போடாம வெளிய வர முடியாது. இப்படியே பேசலாமுங்களா?

வந்தவர்: தாராளமா. என் பேரு... அருள்பிரகாஷ். பத்திரிகையில இருந்து வாரேன். கார் ரேஸ் பத்தி எழுதறவன்.

சென்றாயன்: பத்திரிகைங்களா... நல்லதுங்க. அந்தக் கட்டைச் சுவத்துல உக்காருங்க. கண்ணாயி, அவருக்கு ஒரு மலைப்பழம் குடு.

கண்ணாயி: குடுக்கறேன். நீங்க சுருக்கா முடிங்க. ஜீப்பு நெறைய அன்னாசி கெடக்குது. வெயிலு ஏறுனா சந்தைக்குப் போறது பழமில்ல, சாறு.

வந்தவர்: நேரா விசயத்துக்கு வந்துடறேன். கடைசி ரேஸ்ல, ஜெயிக்கற எடத்துல, வண்டிய எதுக்கு நிறுத்துனீங்க?

கண்ணாயி: போச்சு. இதையேதான் ஊரு நாடெல்லாம் கேக்குது. இவங்க மொதலாளியும் அதத்தான் கேட்டுட்டு இருக்காரு.

வந்தவர்: உங்க டீம் மொதலாளியா? என்ன சொன்னாரு?

கண்ணாயி: வெள்ளிக்கெழம நாமக்கல்லுக்கு வந்து, ‘கியர் மாட்டிக்கிச்சு, அதான் வண்டி நின்னுபோச்சு’ன்னு விளம்பரம் குடுக்கற ஆளுங்ககிட்டச் சொல்லோணுமாம். சொன்னா அடுத்த சீசனும் காரு இவருக்கு. சொல்லலைன்னா வேற டிரைவரு.

வந்தவர்: சொல்லிடலாமில்ல? ஒரு வார்த்ததான?

கண்ணாயி: நானும் அதான் சொன்னேன். கியரு என்ன எந்திரிச்சு வந்து ‘நான் மாட்டவே இல்ல’ன்னு சாட்சி சொல்லப்போகுதா?

சென்றாயன்: கியரு சொல்லாது புள்ள. கியரு போட்ட குப்புசாமி சொல்லுவாரு. அந்த பதினேழு நம்பர் ஸ்பேனர எடு.

கண்ணாயி: இந்தாங்க. எடுத்தத எடுத்த எடத்துல வைங்க. போன தடவ பன்னெண்டு நம்பரு அன்னாசிக்குள்ள கெடந்து, யாவாரி கையில போய்ச் சேந்துச்சு.

வந்தவர்: குப்புசாமிங்கறது?

சென்றாயன்: எங்க மெக்கானிக்குங்க. நாமக்கல்லுல லாரிப் பட்டறை வச்சிருக்காரு. அந்த ரேஸ் காரே அவரு பட்டறையிலதான் உருவாச்சு. கூர கெடையாது, தரையோட தரையா ஒட்டிட்டு ஓடும். நான் ஏறி உக்காந்தா ரோட்டக் கையில தடவற மாதிரி இருக்கும். அவரு போட்ட கியர் மாட்டுச்சுன்னு நான் சொன்னா, நாளைக்கு எந்த லாரிக்காரரு அவரு பட்டறைக்கு வண்டி விடுவாரு?

வந்தவர்: ம்... அது சரிதான்.

கண்ணாயி: அதுக்குன்னு இவரு மறுபடியும் அன்னாசி ஓட்டவா? சாமி, நீங்க எழுதுங்க. அந்த சீசன் முழுக்க இந்த மனுசன் எப்படி இருந்தாருன்னு எனக்குத்தான் தெரியும். ஊட்டு வாசல்ல பாய்ல மிளகு காயப்போட்டிருப்பேன். இவரு வெரலால அதுல ரேஸ் ரோடு வரைவாரு. ‘இங்க பிரேக்கு, இங்க கியரு’ன்னு. நான் பரப்பறதும் இவரு வரையறதும்... மிளகு காஞ்சுதோ இல்லியோ, எனக்கு அந்த வளைவு அத்தனையும் மனப்பாடம்.

வந்தவர்: இதுக்கு முன்னாடி ரேஸே ஓட்டுனதில்லியா?

சென்றாயன்: பாத்ததே இல்லீங்க. மொதலாளி ஒருநாளு பஸ்ஸ விட்டுட்டு, அடிவாரத்துல காரவள்ளியில இருந்து என் ஜீப்புல ஏறுனாரு. மேல வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. எறங்கறப்ப, ‘ரெண்டாயிரத்தி ஒண்ணு சீசன் நீதான் ஓட்டற’ன்னாரு. எந்த சீசன்னு கேட்டேன். பலாப்பழ சீசனான்னு நெனச்சேன்.

வந்தவர்: மொத ரேஸு எனக்கு... நல்லா நெனவிருக்கு. மெட்ராஸ் டிராக்கு. எதிர் டீம் சுரேந்தர் மொதல்ல வந்தாரு. நீங்க ரொம்பப் பின்னாடி.

சென்றாயன்: எப்படிங்க வருவேன்? ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சுட்டு இருந்தேன்.

வந்தவர்: ரேஸ் கார்ல ஏதுங்க ஹாரன்?

சென்றாயன்: இல்லதானுங்க. ஆனா கட்டைவெரலு கேக்குதா? வளைவு வந்தா அதுபாட்டுக்கு ஸ்டியரிங் நடுவுல போய் அமுக்குது. சத்தம் வரலையேன்னு காலு பிரேக்குக்குப் போகுது. எதுக்க வண்டியே வராத ரோடுன்னு புத்திக்குத் தெரியுது, ஒடம்புக்குத் தெரியல.

கண்ணாயி: குப்புசாமியண்ணன் சிரிச்சு சிரிச்சுப் பொரையேறிப்போச்சாம்.

வந்தவர்: ஆனா ரெண்டாவது ரேஸ்ல யாரும் சிரிக்கல. கோயமுத்தூர்ல, அந்த மழையில... எல்லாக் காரும் வழுக்கிட்டு இருக்குது. நீங்க மட்டும் ஈர ரோட்ட ஈரமேயில்லாத மாதிரி ஓட்டுனீங்க. கண்ணாடியில பாத்தா உங்க காரு இல்ல. மறுபடி பாத்தா இல்ல. திடுக்குனு பக்கத்துல வந்து நிக்குது, அடுத்த நொடி முன்னாடி போயிடுச்சு.

கண்ணாயி: கண்ணாடியிலயா? நீங்க எந்தக் கண்ணாடியில பாத்தீங்க?

வந்தவர்: அது... சுரேந்தர் சொன்னாருங்க. அவரு சொன்னதச் சொல்றேன்.

சென்றாயன்: ஓ... அவரு பேசுனாருங்களா?

வந்தவர்: கொஞ்சம்.

சென்றாயன்: மழை எங்களுக்குப் புதுசில்லீங்க. ஐப்பசி முழுக்க இந்த ரோடு அப்படித்தான். அதுல என் தெறம ஒண்ணுமில்ல. தெறமன்னா மூணாவது ரேஸுதான். சுரேந்தரு ஓட்டுனாரு பாருங்க...

கண்ணாயி: ஆரம்பிச்சுட்டாரு. தோத்த ரேஸச் சொல்றப்பத்தான் இவரு கொரலுல இத்தன துள்ளல்.

சென்றாயன்: கேளு புள்ள. கடைசி வளைவுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம். நான் பிரேக்குல காலு வச்சுட்டேன். அவரு வைக்கல. இன்னும் வைக்கல. மனுசன் சுவத்துலதான் போய் முட்டப்போறாருன்னு நான் கண்ண மூடலாமான்னு பாக்கறேன்... அப்ப வச்சாரு பாருங்க. காரு அப்படியே பூ மாதிரி திரும்புச்சு. அவரு வளைவுல காரத் திருப்புன மாதிரியே இல்லீங்க. வளைவு அவருக்கு ஒதுங்கி வழி விட்ட மாதிரி இருந்துச்சு. பின்னாடி இருந்து பாத்த எனக்குக் கை தட்டோணும் போல ஆயிடுச்சு. ஸ்டியரிங்க எப்படி விடறது? பத்திரிகைக்காரரே? எழுதிட்டீங்களா?

வந்தவர்: எழுதறேன்... எழுதறேன்.

கண்ணாயி: என்னத்த எழுதறது? கையில பேனாவக் காணோம், பழத்தோலத்தான புடிச்சிருக்கீங்க. எல்லாஞ் சரி. ஆனா அந்த சுரேந்தரு வாயில என்ன கொழுக்கட்டையா? அத்தன ரேஸு ஒண்ணா ஓட்டிருக்காங்க. ஒருநாளு இவருகிட்ட ‘வாங்க’ன்னு சொன்னதில்ல, ‘போங்க’ன்னு சொன்னதில்ல. இவரு கும்புட்டாக்கூட தலைய ஆட்டிட்டுப் போயிடுவாராம். மில்லுக்கார ஊட்டுப் புள்ளைன்னா அத்தன பவுசா?

வந்தவர்: பவுசு இல்லீங்க... இருக்காதுன்னு நெனைக்கறேன். அந்த மழை ரேஸுக்கு அப்புறம் அவருக்கு என்ன பேசறதுன்னே தெரியலையாம். சின்ன வயசுல இருந்து ஓட்டறவரு. மலையில அன்னாசி ஏத்தற ஒருத்தரு வந்து, ஒரே மழையில, அதுவரைக்கும் கத்துக்கிட்டதெல்லாம் பத்தாதுன்னு காட்டிட்டாருன்னா... வாய் வராது பாருங்க.

கண்ணாயி: நல்லாருக்குன்னு சொல்ல என்ன பெரிய வாயி வேணும்?

வந்தவர்: அதத்தான் அவரும் யோசிச்சிருப்பாரு.

சென்றாயன்: விடு புள்ள. கண்ணாயி, அந்தப் பத்தொன்பத எடு.

கண்ணாயி: இப்பத்தான பதினேழு? ஒரு பட்டைக்கு எத்தன ஸ்பேனரு? ஊர்ல இருக்கற அத்தன நம்பரையும் கேட்டுருவீங்க போல.

சென்றாயன்: எடு, சொல்றேன்.

வந்தவர்: நாலாவது ரேஸு... பாதிப் பேருக்கு பிரேக்கு சூடேறிக் கருகிப்போச்சு. நீங்க மட்டும் கடைசி வரைக்கும் வந்து ஜெயிச்சீங்க.

சென்றாயன்: அதுதானுங்க குப்புசாமி போட்ட கியரு. எங்க எறக்கத்துல பிரேக்க மிதிச்சுட்டே வந்தா அடிவாரம் போய்ச் சேர முடியாது. சின்ன கியர்ல போட்டு வண்டிய அதுலயே புடிச்சு எறக்கோணும். அன்னைக்கும் அப்படித்தான் ஓட்டுனேன். அது தாங்கி நின்னுச்சு. என்னை ஜெயிக்க வச்ச கியரு மேல நான் எப்படிங்க பழி போடறது?

வந்தவர்: அப்ப ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு ரேஸு. சமம். கடைசி ரேஸ்ல இந்த ரெண்டு பேர்ல யாரு முன்னாடியோ அவருக்குத்தான் கப்பு.

கண்ணாயி: ஆமாங்க. அன்னைக்கு நானும் போயிருந்தேன். இதோ, ஒரு லாரி நிக்குது... ஒண்ணுமில்லீங்ண்ணா! பட்டைதான்! அவரு அடியில இருக்காரு! நீங்க போங்க!

வந்தவர்: லாரிக்காரரு உங்களுக்குச் சொந்தமுங்களா?

கண்ணாயி: யாருன்னே தெரியாதுங்க.

வந்தவர்: தெரியாதவரு லோடு லாரிய ஏத்தத்துல நிறுத்தி என்ன கேட்டாரு?

கண்ணாயி: ‘என்னாச்சு’ன்னு கேட்டாரு. நீங்க கேக்காமப் போனீங்களே... அத.

வந்தவர்: பதில் வர்ற வரைக்கும் நின்னாரே.

கண்ணாயி: பின்ன? கேட்டுட்டுப் பதிலு வாங்காமப் போனா அது கேட்டதாகுமா?

சென்றாயன்: மார்கழிப் பனியில இந்த ரோட்டப் பாத்திருக்கீங்களா? முன்னாடி நிக்கற வண்டியே மங்கலாத்தான் தெரியும். உள்ள ஆளு இருக்காரா, தூங்கறாரா, சரிவுல விழுந்து கெடக்கறாரா... கண்ணு ஒண்ணுஞ் சொல்லாது. அதனால எங்காளுங்க நின்ன வண்டிய வெறுங்கண்ணால பாத்துட்டுத் தாண்ட மாட்டாங்க. கூப்புடுவாங்க. உள்ள இருந்து ஒரு கொரலு வந்தாத்தான் கை அடுத்த கியருக்குப் போகும். நான் ஜீப்பு பழகறதுக்கு முன்னாடியே அது பழகிப்போச்சு.

வந்தவர்: அப்ப... கடைசி ரேஸ்ல?

சென்றாயன்: சுரேந்தரு முன்னாடி. நான் பின்னாடி. ரெண்டு சுத்துதான் பாக்கி. இன்னும் ஒரு வளைவுல புடிச்சுடலாம்னு நெனைக்கறேன். அப்ப அவரு காரு பம்பரமாட்டம் சுத்தி, ரோட்ட விட்டுப் புழுதிக்குள்ள போயிடுச்சு. அத்தன புழுதிங்க. காரே தெரியல.

வந்தவர்: அப்படியே போயிருந்தா கப்பு உங்களுது.

சென்றாயன்: போகத்தான் நெனச்சேன். பொய் சொல்லல. ஆனா அந்தப் புழுதி... பனி மாதிரியே இருந்துச்சுங்க. காலு தானா பிரேக்குக்குப் போயிடுச்சு. புல்லுல ஒதுக்கி நிறுத்திக் கூப்புட்டேன்.

வந்தவர்: ‘ஏனுங்க... இருக்கறீங்களா’ன்னு.

சென்றாயன்: ஆமாங்க. பதில் இல்ல. மறுபடியும் கூப்புட்டேன். இல்ல. பின்னாடி வந்த காரெல்லாம் என்னைத் தாண்டிப் போகுது. கொடி புடிக்கற ஆளு தூரத்துல இருந்து ஓடி வர்றாரு. நான் ஹெல்மெட்டக் கழட்டிட்டு, தொண்டை கிழியக் கத்துனேன்.

கண்ணாயி: மேல உக்காந்திருந்த கூட்டம் என்ன சிரிப்பு சிரிச்சுது! ‘டவுன் பஸ்காரன், ஸ்டாப்பிங்னு நிறுத்திட்டான்’னாங்க. எனக்கு அழுகை முட்டிட்டு வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன் சாமி... அந்தக் கூட்டத்துலயே இவரு எதுக்கு நின்னாருன்னு தெரிஞ்சவ நானு ஒருத்திதான்.

வந்தவர்: அவருக்கு... சுரேந்தருக்கு அடி ஒண்ணும் படலையாம். ஆனா காரு சுத்துனதுல கை ரெண்டும் ஸ்டியரிங்க விடமாட்டேனுது. எந்தப் பக்கம் ரோடு, எந்தப் பக்கம் சுவருன்னு தெரியல. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சப்ப, அந்தக் கொரலு வந்துச்சு. யாரோ ஒருத்தரு ‘இருக்கறீங்களா’ன்னு கேக்கறாங்க. இருக்கறமான்னு அப்பத்தான் எனக்கே... அவருக்கே தெரிஞ்சுதாம். அந்தக் கொரலு வந்த பக்கந்தான் ரோடுன்னு காரத் திருப்பி வெளிய வந்தாராம்.

கண்ணாயி: இத்தனையும் உங்ககிட்டச் சொன்னவரு, இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.

வந்தவர்: ஒரு வார்த்த சொன்னாரில்ல... புழுதிக்குள்ள இருந்து?

சென்றாயன்: சொன்னாருங்க. ‘இருக்கறேன்’னாரு.

வந்தவர்: அவ்வளவுதானா?

சென்றாயன்: அதுக்கு மேல என்னங்க வேணும்? ஹெல்மெட்ட மாட்டிட்டு நான் கெளம்பிட்டேன். அதுக்குள்ள பலபேரு முன்னாடி போயிட்டாங்க. அவரும் பின்னாடியே வந்து, கடைசிச் சுத்துல என்னையும் தாண்டிப் போய்க் கப்ப வாங்கிட்டாரு. என்னமா ஓட்டுனாருங்கறீங்க! அப்பத்தான் செத்துப் பொழச்ச மனுசன், அதே வளைவுல கொஞ்சங்கூட அசரல.

வந்தவர்: உங்களுக்குக் கோவமே இல்லியா?

சென்றாயன்: கப்பு போனதுல வருத்தமுங்க. ராத்திரி படுத்தா இன்னும் அந்த வளைவு வருது. ஆனா நிக்காமப் போயிருந்தா என்ன வந்திருக்குமோ, அத என்னால தாங்க முடிஞ்சிருக்காது.

கண்ணாயி: அடுத்த சீசன் ஆறு மணி நேரம் ஓட்டற ரேஸாமுங்க. ஒரு காருக்கு ரெண்டு டிரைவரு, மாத்தி மாத்தி ஓட்டோணுமாம். அதுக்காகவே இவரு எத்தன ஆசையா இருந்தாரு தெரியுமா? வெள்ளிக்கெழம நாமக்கல்லு போகமாட்டேங்கறாரு. நானும் இனி போகச் சொல்லப்போறதில்ல.

வந்தவர்: சுரேந்தருக்கும் கூட ஓட்ட ஆளு கெடைக்கல.

கண்ணாயி: எப்படிக் கெடைக்கும்? ஆறு மணி நேரம் அந்த ஊமைகூட யாரு குடும்பம் நடத்தறது?

வந்தவர்: ...அம்மணி, அவரக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க. மூஞ்சியப் பாத்து ஒண்ணு சொல்லோணும்.

சென்றாயன்: இன்னும் ஒரே ஒரு நட்டுங்க. அங்கிருந்தே சொல்லுங்க. கேக்குது.

வந்தவர்: நான்... பத்திரிகைக்காரன் இல்லீங்க.

கண்ணாயி: பேனா இல்லாதப்பவே நெனச்சேன். மொதலாளி அனுப்புன ஆளா?

வந்தவர்: இல்லீங்க. என் பேரு அருள்பிரகாஷும் இல்ல. நேரா வந்தா மரியாதைக்காக எதையாவது சொல்லி அனுப்பிடுவீங்கன்னு நெனச்சேன். எனக்கு உண்மையில எதுக்கு நின்னீங்கன்னு தெரியோணும். அது தெரியாம அந்தக் கப்ப ஊட்டுக்குள்ள வைக்க முடியல. இன்னும் காருலயேதான் கெடக்குது.

கண்ணாயி: கப்பா... எந்தக் கப்பு?... அய்யோ சாமி!

சுரேந்தர்: ஆமாங்க. சுரேந்தர்.

கண்ணாயி: அன்னைக்கு ஹெல்மெட்டோட தூரத்துல பாத்தது, அடையாளம் தெரியல... நான் கொழுக்கட்டைன்னேனே! ஊமைன்னேனே!

சுரேந்தர்: ரெண்டும் சரியாத்தான் சொன்னீங்க. சென்றாயன்... எனக்குக் கூட ஓட்ட ஆளு வேணும். புழுதிக்குள்ள நான் காணாமப் போனா நின்னு கூப்புடற ஆளு. என் கார்ல, எனக்குச் சமமா. யாருகிட்டயும் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். குப்புசாமி வருவாருன்னா கியரையும் அவரே போடட்டும். வருவீங்களா?

கண்ணாயி: ஏனுங்க! இன்னும் என்ன அடியிலயே படுத்துட்டு! வந்திருக்கறது யாருன்னு தெரியுதா உங்களுக்கு?

சென்றாயன்: தெரியாம என்ன புள்ள? சீசன் முழுக்க அவரு எங்கிட்டப் பேசுனது ஒரே ஒரு வார்த்த. தொண்டை கிழியக் கத்தி வாங்குன கொரலு அது, மறக்குமா? வந்து உங்கிட்டப் பேசுனப்பவே தெரிஞ்சுபோச்சு. என் மூஞ்சியப் பாத்தா மறுபடியும் தலைய ஆட்டிட்டுப் போயிடுவாரோன்னுதான் உள்ளயே கெடக்கறேன்... வாரேனுங்க சுரேந்தரு, கண்டிப்பா வாரேன். கொஞ்சம் கை குடுத்து வெளிய இழுங்க. பட்டை மாட்டி முடிச்சு எத்தன நேரமாச்சு, முதுகு மரத்துப்போச்சு.